பாஸ்க்ல "தன் வீடு" வேற, "அவன் வீடு" வேற

கேள்வி: பாஸ்க் மொழி ஆப்ல படிச்சிட்டிருக்கேன் சார். "அவனோட"ங்கறதுக்கு ஒரு இடத்துல பெரேன்னு வருது, இன்னொரு இடத்துல ஹாரென்னு வருது, எப்ப எதைப் போடறதுன்னே புரியல. அது தமிழுக்குச் சொந்தக்கார மொழின்னு சொல்றாங்களே, நிஜமா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: சொந்தம்லாம் இல்லம்மா. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பக்கம் பேசற இந்த பாஸ்குக்கு உறவுன்னு நிரூபிச்ச மொழி இப்ப உயிரோட ஒண்ணுகூட கிடையாது, வாட்ஸ்அப்ல வர்றதை விட்டுத்தள்ளுங்க. ஆனா உங்க முதல் கேள்விக்குத் தமிழ் தெரிஞ்சவங்க இங்கிலீஷ்காரங்க அளவுக்கு முழிக்க வேண்டியதில்ல, ஏன்னா நம்மகிட்ட "தன்" இருக்கு.

"மிகேலெக் பெரே எச்சேயா சல்து து"ன்னா மிகேல் தன் வீட்டையே வித்துட்டான். அதுலயே பெரேவ எடுத்துட்டு ஹாரென் போட்டா வித்தது வேற யாரோட வீட்டையோ, ஆள் உள்ள போக வேண்டிய கேஸ்! (மிகேலுக்குப் பின்னாடி வர்ற "எக்" வேற கதை, இப்ப வேண்டாம்.) "அவன் வீடு அழகா இருக்கு"ங்கற மாதிரி வாக்கியத்துல "தன்" போட முடியாதில்ல, அங்க ஹாரென்தான். அவனோட, அவளோட ரெண்டுக்கும் அதே ஹாரென்தான், ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. பன்மைக்கு பெரென், ஹாயென், அதாவது தங்களோட, அவங்களோட.

சிக்கல் என்னன்னா பேச்சுல நிறைய பேர் எல்லாத்துக்கும் பெரேன்னே சொல்லிட்டுப் போயிடறாங்க, கவனமா எழுதறவங்கதான் பிரிச்சு எழுதறாங்க, அதான் ஆப்ல உங்களுக்குக் குழப்பம். எழுதும்போது பிரிச்சே எழுதுங்க, அதுதான் நல்லது.

இன்னொண்ணு, ஆளுங்க பேருக்கு "என்" சேரும், மிகேலென் எச்சேயான்னா மிகேலோட வீடு. இடத்துக்கும் நேரத்துக்கும் "கோ", கவுர்கோ எகுன்காரியான்னா இன்னைக்குப் பேப்பர். ரெண்டையும் மாத்திப் போட்டீங்கன்னா உடனே வெளியூர்க்காரின்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

இந்த "என்" குடும்பப் பேர்லயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அங்க வீட்டுக்குன்னு தனிப் பேர் உண்டு, அதுவே பல குடும்பத்துக்குப் பேராயிடுச்சு. மிச்செலேனான்னா "மிச்செலோடது", பெருரேனான்னா "பெருவோடது", ரெண்டுலயும் வீடுங்கற வார்த்தை சொல்லாமலே புரியும். 1968-ல அராந்தஸு மடத்துல கூடிப் பேசி பாஸ்குக்குப் பொது எழுத்து நடை வகுத்தாங்களே, அதை முன்ன நின்னு நடத்தின மொழியறிஞர் கொல்தோ மிச்செலேனாவோட பேரும் இப்படி வந்ததுதான்.