தூசி தட்டியதும் சத்தம் போனது ஏன்?

கேள்வி: 2011-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. ஆயுத பூஜைக்கு கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினேன். அன்றிலிருந்து சத்தமே இல்லை. அதே ஸ்பீக்கர் மொபைலில் நன்றாகப் பாடுகிறது. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு, கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து 'பிளேபேக் டிவைசஸ்' திறங்கள். 'ஸ்பீக்கர்ஸ்' வரிசையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கினால் டிரைவரில் (ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருள்) குறை இருக்க வாய்ப்பு குறைவு. சத்தம் வெளியே வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஸ்பீக்கர் பிளக் பச்சைத் துளையில் இருக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் ரோஸ் மைக்குக்கானது. தூசி படிந்த பழைய போர்டில் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசமே தெரியாது; நானே மாற்றிச் செருகிவிட்டு அரை மணி நேரம் டிரைவரைத் திட்டியிருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், எனக்குச் சந்தேகம் முன்பக்க ஹெட்போன் துளைமேல்தான். அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் போர்டுக்குப் போகிறது. அதன் முனையில் பெரும்பாலும் இரண்டு பிளக் இருக்கும்: 'எச்டி ஆடியோ' (புதிய முறை), 'ஏசி 97' (பழைய முறை). தூசி தட்டும்போது கழன்று, ஏசி 97 பிளக்கை மாட்டியிருந்தால், முன்னால் ஹெட்போன் செருகியிருப்பதாகவே போர்டு நினைத்துக்கொண்டு பின்பக்கத்தை ஊமையாக்கிவிடும். துளைக்குள் தூசி அடைந்தாலும் இதே கதைதான். ஹெட்போனை முன்னால் நாலைந்து முறை செருகி எடுங்கள். அதில் பாட்டு கேட்டால் திருடன் பிடிபட்டான். ரியல்டெக் ஆடியோ மேனேஜரில் (ரியல்டெக் ஒலிச் சிப்புக்கான செட்டிங்ஸ் மென்பொருள்) மஞ்சள் ஃபோல்டர் படத்தை அழுத்தினால், முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை நிறுத்தும் வசதி இருக்கும்; டிக் செய்யுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த ஒயரையே கழற்றிப் பாருங்கள்.

(பென்டியம் 4 காலத்து ஏசி 97 போர்டு வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவற்றில் பின்பக்கச் சத்தமே முன்பக்கம் சுற்றித்தான் வரும். ஒயரைக் கழற்றினால் 5-6, 9-10 பின்களில் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) போட வேண்டும்.)

பச்சைக் கோடு 'ஸ்பீக்கர்ஸ்' வரிசையில் அசையாமல் எச்டிஎம்ஐ (மானிட்டர் கேபிள் வழியாகச் சத்தம் போகும் வழி) வரிசையில் ஆடினால், 'ஸ்பீக்கர்ஸ்' மேல் 'செட் டிஃபால்ட்' கொடுங்கள். ஸ்பீக்கர் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் ஸ்பீக்கர் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு, பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் திறக்கக்கூடிய போர்டின் செட்டிங்ஸ்) 'ஆன்போர்டு ஆடியோ' அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதற்கும் மசியாவிட்டால் சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிச் செருகுங்கள். போர்டை மாற்றப் போனால் பிராசஸர், ரேம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பில் வரும்.