அடுக்களைச் சன்னல்

கேள்வி: என் மருமகளுக்குத் தாய் இல்லை, அதனால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். பேரனுக்கு 48 நாள் ஆகிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் அழத் தொடங்கினால் இரவு 11 மணி வரை வீறிடுகிறான். மருத்துவர் சோதித்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, எடை நன்றாக ஏறுகிறது என்றார். உரைமருந்து கொடுத்தேன், மிளகாய் சுற்றிப் போட்டேன். பால் போதவில்லை, பசும்பால் கொடு என்றால் மருமகள் கேட்பதில்லை. நேற்று இரவு பிள்ளையைத் தொட்டிலில் கதறவிட்டுப் புறவாசல் கிணற்றடியில் போய் நின்றாள். அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் காலையில் வேலைக்குப் போக வேண்டுமென்று மாடியில் படுத்துவிடுகிறான். பெற்ற மனம் இப்படியும் கல்லாகுமா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, ‘பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? பிள்ளை பெற்று ஏழு வாரம் நிறையாத ஒரு பெண், மாலை முதல் அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு நடந்து ஓய்ந்துபோய், இருட்டில் தனியாகக் கிணற்றடியில் நிற்கிறாள். பத்தடி தூரத்தில் இருந்த நீங்கள் கதவைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, தொட்டிலில் கிடந்த பேரனையும் போய்த் தூக்கவில்லை. கல்லான மனம் யாருடையது என்ற கேள்வியை நீங்கள் முதலில் உங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் பேரனின் அழுகை புதியதன்று. ஐந்து குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இப்படி அழுகிறது. நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுவதை இதற்கு அளவாக 1954-இல் வெசல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் எழுதி வைத்தார்கள். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும் அழுகை, மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். எடை ஏறுகிறது என்றாலே பால் போதுகிறது என்றுதான் பொருள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். உரைகல்லை எடுத்து வைத்துவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அழுகை தாங்காமல் ஆத்திரத்தில் குழந்தையை ஒருமுறை பிடித்து உலுக்கினாலும் மூளையில் இரத்தம் கசியலாம், உயிரும் போகலாம். அந்த நிலைக்குப் போகாமல் பிள்ளையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்கச் சொல்லித்தான் மருத்துவர்களே சொல்கிறார்கள். உங்கள் மருமகள் செய்தது அதுதான். குழந்தையைக் கைமாற்ற ஆளில்லாமல், ஆறுதலுக்குக் கிணற்றடியைத் தேடிப் போனாளே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

நம் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது சீருக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமில்லை. பெற்றவள் இரவில் கண்ணயர, அவள் தாயும் ஆச்சியும் சித்தியும் பிள்ளையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. தாயில்லாப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க நீங்கள் முன்வந்த நாளிலேயே அந்தத் தாயின் இடமும் உங்களுக்கு வந்துவிட்டது. அந்த இடத்திலிருந்துகொண்டு குற்றம் கண்டுபிடிக்க உங்களுக்கு உரிமையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்று அவளருகில் உட்கார்ந்து, ‘உனக்கு மனசு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். சாகத் தோன்றுகிறதா என்றும் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றாலோ, பதிலே சொல்லாமல் அழுதாலோ, அவளைத் தனியே விடாமல் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இரவானால் 14416 என்ற மனநல உதவி எண் எந்நேரமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அவள் வாடியே இருந்தாலும், பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராமல் கிடந்தாலும், அது மருத்துவம் பார்க்க வேண்டிய பிரசவகால மனச்சோர்வாக இருக்கலாம்.

இன்று மாலை ஏழு மணிக்கு முன்பே அவளைச் சாப்பிட வைத்து, உள்ளறையில் படுக்கச் சொல்லுங்கள். பசிக்கு மட்டும் பிள்ளை அவளிடம் போகட்டும். மற்ற நேரம் உங்கள் தோளில் கிடந்து அழட்டும். பத்து மணிக்கு மேல் அவன் தகப்பன் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பதிலை மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவன் பாய் இன்றிரவே மாடியிலிருந்து கீழே வரட்டும்.