புதிய தகவல் பழைய அறிவோடு மோதினால் எதை விடுவது?

கேள்வி இதுதான்: உண்மைகளும் விதிகளும் கலந்த ஓர் அறிவுத்தளம் இருக்கிறது. புதிதாக வரும் தகவல் அதோடு முரண்பட்டால் எதை நீக்குவது என்று தர்க்கத்தை வைத்தே முடிவு செய்ய முடியுமா?

தர்க்கத்தை மட்டும் வைத்து முடியாது. எதையாவது விட்டே ஆகவேண்டும் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. எதை விடுவது என்ற தேர்வுக்கு ஒரு முன்னுரிமை வரிசை வேண்டும், அதை நீங்கள்தான் தரவேண்டும். அறிவுத் திருத்தம் என்ற இந்தத் துறையில் பாதிக் குழப்பம் இதை ஏற்றுக்கொள்ளாததால் வருவது.

மூன்றே வாக்கியங்கள் உள்ள தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பம்புக்கு மின்சாரம் வருகிறது. வால்வு திறந்திருக்கிறது. மின்சாரம் வந்து வால்வும் திறந்திருந்தால் தண்ணீர் ஓடும். ஆக, தண்ணீர் ஓடவேண்டும். ஆனால் குழாயில் உள்ள உணரி 'ஓடவில்லை' என்கிறது. மூன்றில் எந்த ஒன்றைத் தூக்கினாலும் முரண் தீர்ந்துவிடும். தர்க்கத்தின் கண்ணுக்கு மூன்று வழியும் ஒன்றுதான்.

முதல் தவறு, புதிய வாக்கியத்தை அப்படியே உள்ளே போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. செவ்வியல் தர்க்கத்தில் முரண் ஒன்று நுழைந்துவிட்டால் எந்த வாக்கியத்தையும் வருவித்துவிடலாம். எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று பதில் வரும். அதனால் முதலில் புதியதன் மறுப்பை வருவிக்க முடியாத அளவுக்குத் தளத்தைச் சுருக்கவேண்டும், பிறகு புதியதைச் சேர்க்கவேண்டும். லெவி சமன்பாடு என்று சொல்லப்படுவது இந்த இரண்டு படிகளைத்தான்.

எப்படிச் சுருக்குவது என்பதற்கு 1985இல் ஆல்சூரோன், கார்டன்ஃபோர்ஸ், மேக்கின்சன் மூவரும் ஒரு கட்டமைப்பு தந்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஏஜிஎம் என்பார்கள். முரண் வராமல் எவ்வளவு அதிகம் வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவையும் வைத்திருக்கும் உட்கணங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். நம் பம்புத் தளத்தில் அவை மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு வாக்கியங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது: மின்சாரமும் போச்சு, வால்வும் போச்சு, விதியும் போச்சு. அதற்குப் பயந்து ஒரே ஒரு உட்கணத்தைத் தேர்ந்தால் வேறொரு வம்பு. வருவிக்கக்கூடிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய மூடிய தொகுதியில் அப்படிச் செய்தால், திருத்தத்துக்குப் பிறகு அமைப்புக்கு உலகில் உள்ள எல்லாக் கேள்வி மேலும் ஒரு தீர்மானமான கருத்து வந்துவிடும், தெரியாதது என்று எதுவுமே இருக்காது. அதனால் நடுவழி: முன்னுரிமைப்படி சிறந்த சில உட்கணங்களைத் தேர்ந்து, அவற்றுக்குப் பொதுவானதை வைத்துக்கொள்வது.

முன்னுரிமையை எப்படி வைப்பது? இயற்பியல் விதிகளும் வரையறைகளும் மேலே, நேரடி அளவீடுகள் அதற்குக் கீழே, வேறு தகவல் இல்லாததால் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் அடியில் என்பது நல்ல தொடக்கம். ஆனால் விதியையே வெட்டும் நிலை அடிக்கடி வந்தால், விதி எழுதப்பட்ட விதத்தில்தான் கோளாறு. 'பம்பு பழுதில்லாமல் இருந்து' என்ற நிபந்தனையை விதிக்குள் சேர்த்துவிட்டு, 'பம்பு பழுதில்லை' என்பதைத் தனி அனுமானமாகத் தளத்தில் வையுங்கள். இனி விழப்போவது அந்த அனுமானம், விதி நிற்கும். ரெய்ட்டர் 1987இல் வகுத்த பழுதறியும் முறையின் அடிப்படையும் இதே எண்ணம்தான்.

தளத்தை எந்த வடிவில் எழுதுகிறீர்கள் என்பதும் விடையை மாற்றும். இதை யாரும் போதிய அளவு எச்சரிப்பதில்லை. ஒரு தளத்தில் 'அ', 'ஆ' என்று இரண்டு வாக்கியங்கள். இன்னொன்றில் 'அ', 'அ உண்மையானால் ஆவும் உண்மை, அ பொய்யானால் ஆவும் பொய்' என்று இரண்டு. இரண்டிலிருந்தும் வருவிக்கக்கூடியவை அச்சு அசலாக ஒன்றே. இப்போது 'அ பொய்' என்று தெரிகிறது. முதல் தளத்தில் 'ஆ' அப்படியே இருக்கும். இரண்டாவதில் 'ஆ'வும் பொய் என்றாகிவிடும். அதனால் சுயமாகத் தெரிந்ததையும் இன்னொன்றின் தோளில் நிற்பதையும் பிரித்தே எழுதவேண்டும். வருவித்த முடிவைச் சேமித்தால், எதிலிருந்து வந்தது என்ற காரணத்தையும் கூடவே சேமியுங்கள். 1979இல் ஜான் டாயல் கொண்டுவந்த உண்மைப் பராமரிப்பு அமைப்பு இதைத்தான் செய்தது. ஆதாரம் போனதும் அதன் மேல் நின்ற முடிவும் தானாக விலகும். காரணம் பதியாத தளத்தில் அந்த முடிவுகள் அநாதையாக நின்றுகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் தவறாக நினைத்திருந்தோமா, இல்லை உலகம் மாறிவிட்டதா? முதலாவது திருத்தம், இரண்டாவது புதுப்பித்தல். இரண்டுக்கும் கணக்கு வேறு என்பதை 1991இல் காட்சுனோவும் மெண்டல்சனும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டு விளக்குகளில் ஒன்று மட்டும் எரிகிறது, எது என்று தெரியாது. 'முதல் விளக்கு எரிகிறது' என்று யாரோ பார்த்துச் சொன்னால், இரண்டாவது எரியவில்லை என்று முடிவு செய்யலாம். ஆனால் 'முதல் விளக்கு முன்பு எரிந்ததோ இல்லையோ, இப்போது எரியும்படி சுவிட்சைத் தள்ளிவிட்டேன்' என்று சொன்னால் இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, அது முன்பே எரிந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே நிரலை வைத்தால் ஓரிடத்தில் கட்டாயம் தப்பும். தகவலோடு 'பார்த்தது' அல்லது 'மாற்றியது' என்ற அடையாளத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

திருத்தம் ஒருமுறை நடந்து முடிவதும் இல்லை. முதல் திருத்தத்துக்குப் பிறகு முன்னுரிமை வரிசையே எப்படி மாறவேண்டும் என்பதை ஏஜிஎம் அநேகமாகப் பேசவே இல்லை. டார்விச்சும் பேர்லும் 1997இல் அதற்கு 4 நிபந்தனைகள் வைத்தார்கள். ஆனாலும் அவற்றுக்கு உட்பட்ட முறை ஒன்று இப்படிச் சறுக்கும். ஒரு உணரி 'வால்வு மூடியிருக்கிறது' என்கிறது. அதோடு தொடர்பில்லாத இன்னொன்று 'அழுத்தம் அதிகம்' என்கிறது. பிறகு வால்வு உணரி சொன்னது தவறு, வால்வு திறந்தே இருக்கிறது என்று தெரிகிறது. வரிசையில் மிகக் குறைவாக மாற்றும் 'இயல்புத் திருத்தம்' இங்கே அழுத்தத் தகவலையும் சேர்த்தே மறந்துவிடும், காரணம் எதுவும் இல்லாமல். உலகம் இருக்கக்கூடிய நிலைமைகளில் புதிய தகவலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் மற்றவற்றுக்கு மேலே ஏற்றும் 'அகராதி வரிசைத் திருத்தம்' அதைக் காப்பாற்றும். உணரிகளோடு வேலை செய்பவர்களுக்கு நான் பின்னதைத்தான் சொல்வேன். ஆனால் அது கடைசியாக வந்ததை மிகவும் நம்பும். இரைச்சல் அதிகமுள்ள உணரியின் தகவலை உள்ளே விடுமுன், வருவதை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் ஒரு படி அவசியம்.

கடைசியாக, செலவு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 10 முரண்கள், ஒவ்வொன்றிலும் 3 வாக்கியங்கள் என்றாலே உட்கணங்கள் 59,049. பட்டியலிட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். புதிய தகவலையும் விட்டுக்கொடுக்கவே கூடாத விதிகளையும் கட்டாய நிபந்தனைகளாக வைத்து, மற்ற வாக்கியங்களுக்கு எடை கொடுத்து மேக்ஸ்சாட் தீர்வியிடம் விடுங்கள் (கட்டாய நிபந்தனைகளை மீறாமல், காப்பாற்றும் வாக்கியங்களின் மொத்த எடை மிக அதிகமாக இருக்கும் தேர்வைக் கண்டுபிடிக்கும் நிரல் அது). அது எடைகளைக் கூட்டிப் பார்க்கும் என்பதை மறக்கவேண்டாம். எடை 3 உள்ள இரண்டு அற்ப அனுமானங்களைக் காப்பாற்ற, எடை 5 உள்ள ஒரு முக்கியமான அளவீட்டைத் தூக்கி எறியும். உயர்ந்த படி எப்போதும் வெல்லவேண்டுமானால், அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தின் எடையும் கீழே உள்ள அத்தனை எடைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருக்கவேண்டும். அடியில் 40 வாக்கியங்கள், நடுவில் 10, மேலே 5 என்றால் எடைகள் முறையே 1, 41, 451.