முகாமில் எழுந்து நின்றேன், வேலையை விடட்டுமா?

கேள்வி: தாராவியில் பிறந்து வளர்ந்தவன் நான், வயது 26. அந்தேரியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. அப்பாவுக்கு பென்ஷன் கிடையாது, அம்மாவுக்குச் சர்க்கரை, தங்கை கல்லூரியில் படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் லோனாவ்லாவில் நடந்த வாலிபர் முகாமில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். அழுதுகொண்டே எழுந்து நின்றேன். 'இயேசு கூப்பிட்டதும் செபெதேயுவின் மகன்கள் தகப்பனைப் படகிலேயே விட்டுவிட்டுப் போகவில்லையா?' என்கிறார் பாஸ்டர். அப்பா என்னோடு பேசுவதே இல்லை. வேலையை விடாவிட்டால் நான் கர்த்தரை ஏமாற்றியவனா?

பதில்: தம்பி, இருபது வயதில் நானும் அப்படி எழுந்து நின்றவள்தான். விளக்கைக் குறைத்துவிட்டு யாரோ மெதுவாக கிடார் வாசித்தார்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் செபெதேயு. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை முழுதாகப் படியுங்கள். மகன்கள் அவரைக் 'கூலியாட்களோடு' படவில் விட்டுப் போனார்கள் என்றுதான் இருக்கிறது. வலை இழுக்க ஆள் இருந்த வீடு அது. உங்கள் வீட்டில் வலை இழுப்பது நீங்கள் ஒருவர்தான். அதே மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். பாஸ்டர் அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தால் நன்றாக இருக்கும்.

கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே என்றும் இயேசு சொல்லியிருக்கிறாரே என்பீர்கள். உண்மைதான், கடினமான வசனம், மழுப்ப மாட்டேன். சிலரை அவர் எல்லாவற்றையும் விட்டு வரச் சொன்னார். ஆனால் பிசாசு நீங்கிய கதரேனர் நாட்டு மனிதன் 'நானும் கூட வருகிறேன்' என்று கெஞ்சியபோது, உன் வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்பியவரும் அவரே. விட்டு வந்தவர்களும் வீடு திரும்பியவனும் கீழ்ப்படிந்தவர்கள்தான்.

நம் கூட்டங்களில் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரியின் பெயர் அடிக்கடி வரும். 1793-ல் வங்காளத்துக்கு வந்தவர், அடுத்த வருடமே ஒரு அவுரி ஆலையில் மேலாளராகி, அந்தச் சம்பளத்தில்தான் குடும்பத்தையும் காப்பாற்றினார், பைபிள் மொழிபெயர்ப்பு வேலையையும் செய்தார். இது சிலருக்குத் தெரியும். அவர் மனைவி டாரத்தியின் கதையை மேடையில் நான் கேட்டதே இல்லை. முதலில் வரமாட்டேன் என்றவர் அவர். கடைசியில் சம்மதித்துக் கப்பலேறினார். 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் மனநிலை பாதிக்கப்பட்டு, 1807-ல் இறக்கும்வரை டாரத்தி மீளவில்லை. கேரியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் ஒப்புக்கொடுக்கும்போது அதன் விலையை வீட்டிலிருப்பவர்களும் கொடுக்கிறார்கள். உங்கள் அப்பா பேசாமல் இருப்பது கோபத்தாலா, பயத்தாலா? ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, எழுந்து நின்றதை என்ன செய்வது? சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பரேல். 1941-லிருந்து இயங்கும் டாடா புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, தங்க இடம் கிடைக்காமல் நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு இந்தி தெரியும், படிவம் நிரப்பத் தெரியும், வரிசையில் நிற்கப் பொறுமை இருக்கிறது. அங்குள்ள சமூகப் பணியாளர்களிடம் போய், 'சனிக்கிழமைகளில் என்ன வேலை தருவீர்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். கைப்பிரதி, அதாவது சுவிசேஷத் துண்டுப்பிரசுரம், கொண்டு போகாதீர்கள், வலியில் கிடப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம். பெரிய வியாழன் அன்று கால் கழுவும் ஆராதனைக்கு நம்மவர்கள் வீட்டிலேயே சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வருவது ஊரறிந்த ரகசியம். பரேல் நடைபாதையில் அப்படி யாரும் தயாராக வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் போங்கள். மூன்றாவது வாரமே சலித்துப்போனால் அதுவும் ஒரு பதில்தான்.

அதன் பிறகும் முழுநேர ஊழியம்தான் என்று தோன்றினால், பாஸ்டரிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கேளுங்கள்: மாதச் சம்பளம் எவ்வளவு, அதை யார் தருவார்கள், அம்மாவின் மருந்துச் செலவும் தங்கையின் ஃபீஸும் அதில் அடங்குமா? கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று அவர் சொன்னால், லூக்கா 14-ஐ எடுத்துக் காட்டுங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றுதான் அதில் இருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டுமா, தம்பி?