புயல் நிவாரணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மூன்று ஏக்கர் சம்பா தண்ணீரில் நின்று அழுகிவிட்டது. செலவழித்த பணமாவது திரும்பக் கிடைக்குமா? (விழுப்புரம் மாவட்டம்)

முழுதாகக் கிடைக்காது. அரசு தருவது மகசூல் இழப்பீடு அல்ல, அடுத்த சாகுபடிக்கான இடுபொருள் (விதை, உரம் போன்றவை) மானியம். 2022-23 முதல் 2025-26 வரைக்கான பேரிடர் நிவாரண நிதி அளவுகோலில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் தமிழக அரசு இதே தொகைகளைத்தான் அறிவித்தது. உங்கள் மூன்று ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20,600 ரூபாய் வரும். செலவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது.

சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் கணக்கெடுக்க வரும்போது தண்ணீர் வடிந்திருக்கும், வரப்போரப் பயிர் பச்சையாகத் தெரியும். அவர்களை நடு வயலுக்கு அழைத்துப் போங்கள். நாலைந்து இடத்தில் தூரைப் பிடுங்கி, வேரும் தண்டும் அழுகியிருப்பதைக் காட்டுங்கள். அவர்கள் பார்க்கும்முன் உழுதுவிடாதீர்கள். தண்ணீர் நிற்கும்போதே தேதி, இடம் பதியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

அதற்கும் முன்னால் அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று பதியும் கிராமக் கணக்கைப் பாருங்கள். அதில் அந்தப் புல எண் தரிசு என்றோ வேறு பயிர் என்றோ இருந்தால், வயலே மூழ்கியிருந்தாலும் நிவாரணப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுவது கடினம். நடவு முடிந்ததுமே அடங்கல் பதிவைச் சரிபார்ப்பதுதான் நல்லது. பட்டியலில் பெயர் விடுபட்டுப் போனால் உடனே தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியரின் மாதாந்திர குறைதீர் கூட்டத்திலும் அதன் நகலைக் கொடுக்கலாம்.

குத்தகை நிலம், பட்டா வேறொருவர் பெயரில். பணம் யாருக்கு?

பயிர் செய்தவருக்குத்தான் சேர வேண்டும். அடங்கலில் சாகுபடியாளராக உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குத்தகைப் பதிவோ, நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோ கையில் இருந்தால் வாதம் வராது. வாய்மொழிக் குத்தகையில் பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடுகிறது.

பயிர்க் காப்பீடு செய்திருக்கிறேன். நிவாரணமும் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டும் வேறு வேறு. அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் காப்பீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நிவாரணக் கணக்கெடுப்பில் பெயர் இருப்பது அந்தத் தகவலுக்கு ஈடாகாது.

சவுக்குத் தோப்பை வெட்டுக்கு வாங்கியிருந்தேன். பாதி சாய்ந்துவிட்டது. மர வியாபாரிக்கு உதவி உண்டா? (கடலூர் மாவட்டம்)

முதல் பதிலில் சொன்ன நிவாரண நிதி அளவுகோலில் மர வியாபாரத்துக்கோ அறுவை ஆலைக்கோ தனித் தலைப்பு கிடையாது. தோப்புக்காரர் கேட்கலாம், அதுவும் அந்தப் புயலுக்கான அரசாணையில் சவுக்கு சேர்க்கப்பட்டிருந்தால். ஆணைக்கு ஆணை இது மாறும். 2018 கஜா புயலின்போது தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் தனியாக அறிவித்தார்கள். எண்ணி முடிக்கும்வரை சாய்ந்த மரத்தை ஏற்றாதீர்கள். அவசரமாக அகற்ற வேண்டியிருந்தால் அடிக்கட்டைகளை விட்டு, எண் எழுதிப் படம் எடுங்கள். அடுத்த ஒப்பந்தத்திலாவது, வெட்டுக்கு முன் புயலில் சாய்ந்தால் நட்டம் யாருடையது, முன்பணம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.