வெங்காயம் உரிக்கிற சபை

அன்புள்ள ஐயாவுக்கு,

திருப்பூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். இருநூறு பேர் வருகிற சபை. டிசம்பர் வந்தாலே பயமாக இருக்கிறது. பெரியவர்களுக்குக் கீர்த்தனையும் பாமாலையும்தான் வேண்டும், எங்களுக்கு டிரம்ஸ், கீபோர்டு. திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் ஊர் வழக்கமே சரி என்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள், “எங்க அப்பாரு காலத்துக் கோயிலுங்க இது” என்கிறார்கள். கேரளாக் குடும்பங்கள் மூன்று, நோன்பு என்று சொல்லி எதையும் தொடுவதில்லை. இப்போது பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடக்கத்திப் பசங்க வேறு பின் பெஞ்சில் வந்து உட்கார்கிறார்கள். போன வருஷம் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அன்பின் விருந்தில் கடைசிப் பந்திக்குப் பிரியாணி தீர்ந்துபோய்ப் பெரிய சண்டை. இந்த முறை கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார் எங்கள் போதகர் ஐயர். என்ன பேசலாம்? சில வசனங்களும் குறிப்புகளும் தந்தால் உதவியாக இருக்கும்.

ச.
திருப்பூர்

*

அன்புள்ள ச.,

வசனம்தானே? சகோதரர் ஒருமித்து வாழ்வது எத்தனை நன்மை என்கிற 133ஆம் சங்கீதம் இருக்கிறது. முதல் வசனத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஒரு நிமிஷம் ஆகும். மீதி ஒன்பது நிமிஷம் சபைக்கு லாபம்.

பாட்டுச் சண்டையை விடுங்கள். வேதத்திலிருந்து ஒன்பது பாடம் வாசிக்கிற கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுக்கு ஒன்பது இடம் இருக்கிறது. ஐந்து அவர்களுக்கு, நான்கு உங்களுக்கு. டீ ஆறுவதற்குள் முடிகிற சங்கதி. ஆனால் பாட்டு ஒத்துப்போய்விட்டால் சபை ஒன்றாகிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பெரியவர்கள் விடமாட்டேன் என்கிற கீர்த்தனைகளில் பல தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றியவை. 1829வாக்கில் புதிதாய் வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டைக் கோயிலைவிட்டு எடுக்கப் பார்த்தபோது அதைக் கொடுமை என்று எழுதினார். சரியான கோபம். சபையில் சாதிகளைக் கலக்கப் பார்ப்பதையும் அதே வரிசையில் கொடுமை என்று எழுதிவைத்தார். ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது. சேர்ந்து பாடத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சேர்ந்து சாப்பிடத் தெரியும் என்றில்லை.

சபை வழக்கச் சண்டையும் அப்படித்தான். தரங்கம்பாடியில் 1919இல் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிய 28 வருஷம் பிடித்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, முன்பே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் சேர்ந்தன. பிஷப் கைவைத்து அபிஷேகம் பண்ணாதவர் போதகரா என்ற கேள்விக்குக் கடைசிவரை பொது விடை கிடைக்கவில்லை. இருக்கிறவர்களை இருக்கிறபடி ஏற்போம், 30 வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு ஒன்றானார்கள். நீங்கள் பத்து நிமிஷப் பேச்சில் முடிக்கப் பார்க்கிறீர்கள். இன்னொன்று. திருவிருந்துக்கு முன் கைக்குள் கைவைத்துச் சமாதானம் கொடுக்கிறீர்கள் அல்லவா, 1950இல் வந்த சி.எஸ்.ஐ. வழிபாட்டு முறையில் அது கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பார்த்துச் சேர்த்தது. அந்த மூன்று வீட்டு நோன்பைப் பற்றிச் சலித்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

‘வடக்கத்திப் பசங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் எந்த ஊர், எந்தச் சபை என்று ஒரு ஞாயிறாவது கேட்டீர்களா? ஜார்க்கண்டுக்காரர்களாக இருந்தால் கோஸ்னர் லூத்தரன் சபையாக இருக்கலாம். ராஞ்சியில் அதன் மிஷனரிகள் வந்து இறங்கியது 1845இல். உங்கள் ஊரில் பனியன் என்ற சொல்லே புழங்காத காலம். நாலு தலைமுறைக் கிறிஸ்தவனைப் பின் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் ‘பசங்க’ என்கிறீர்கள். ‘வேறு’ என்று ஒரு சொல்லும் போட்டிருக்கிறீர்கள், பாரம் கூடிவிட்டதுபோல.

கடிதத்தில் முக்கியமான வரி ஒன்றுதான், அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். கடைசிப் பந்திக்குப் பிரியாணி தீர்ந்துபோனது.

கடைசிப் பந்தியில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே தெரிகிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை. ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பல் தேதி நெருங்கினால் ஞாயிறும் கம்பெனி ஓடும். அந்த வேலைக்காரர் ஒன்றரை மணிக்குத்தான் கோயில் வாசலுக்கு வருவார். கொரிந்து சபையில் நடந்ததும் இதே. வசதியுள்ளவன் முன்னால் வந்து சாப்பிட்டு முடித்தான், பிந்தி வந்தவன் பசியோடு நின்றான். பவுல் அங்கே ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பந்தி நடத்தும் முறையைச் சொன்னார் (1 கொரிந்தியர் 11:33). உங்களுக்கு வேண்டிய வசனம் இது.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். ஆர்டர் கொடுத்து டெம்போவில் இறக்குகிற பிரியாணியை நிறுத்துங்கள். ருசிக்காகச் சொல்லவில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளம் என்ன என்று யோசித்து ஒன்றை முடிவு செய்தது. தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கியவர் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். ஞானஸ்நானமும் திருவிருந்தும் அதற்குப் பிறகு. ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் லூத்தரன் மிஷனரிகள் ஒப்பவில்லை, அது நீண்ட வழக்கு. அன்பின் விருந்து நம் ஊரில் அந்தக் கேள்வியோடு வந்தது: யார் சமைத்தது? காண்ட்ராக்ட் பிரியாணி அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. எந்த வீட்டுக் கையும் எந்த வீட்டு இலையையும் தொடாமல் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உபயம் இன்னார் என்று பேனர் வேறு.

என்ன சமைப்பது? கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? அரிசிம்பருப்புச் சாதம். நோன்பிருப்பவரும் சாப்பிடலாம், பல்லில்லாதவரும் சாப்பிடலாம், மாலை போட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கும் வைக்கலாம்.

இருநூறு பேருக்கு அரிசி 20 கிலோ, துவரம்பருப்பு 6 கிலோ. பழைய பொன்னிப் புழுங்கல் கேட்டு வாங்குங்கள். புது அரிசி குறைந்த தண்ணீரிலேயே குழைந்துவிடும். ஆளுக்கொரு படி அரிசி வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்று யாராவது கண்கலங்கப் பேசுவார்கள், விடாதீர்கள். பச்சரிசி, புழுங்கல், பழசு, புதுசு எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்தால் ஒன்று களியாகும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். பிடியரிசிக் காணிக்கை நல்ல வழக்கம்தான், அதை ஏலம் போட்டுக் காசாக்குங்கள்.

ஒரே அண்டாவில் ஏற்ற வேண்டாம். அடி பிடிக்கும், மேல் வேகாது. எழுபது எண்பது லிட்டர் பிடிக்கிற அண்டா இரண்டு, ஒவ்வொன்றிலும் 10 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு. பருப்பைத் தனியாக முக்கால் மணி நேரம் ஊறவையுங்கள், அரிசி அரை மணி போதும். பருப்பை முதலில் மஞ்சள் மட்டும் போட்டுத் தனிப் பாத்திரத்தில் அரை வேக்காடு எடுங்கள். விரலில் நசுக்கினால் உடைய வேண்டும், கரையக் கூடாது. போர் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். அந்த உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் இறுகிக் கல்லாக நிற்கும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரை முதல் நாளே பிடித்துவையுங்கள். தக்காளியின் புளிப்பும் பருப்பை இறுக்கும். அதனால் பருப்பு அரை வெந்த பிறகுதான் தக்காளியோடு சேர வேண்டும்.

இரண்டு அண்டாவுக்கும் சேர்த்துக் கடலெண்ணெய் 2 லிட்டர். கடுகு, சீரகம் 200 கிராம், வரமிளகாய் 300 கிராம், பூண்டு ஒன்றேகால் கிலோ, சின்ன வெங்காயம் 4 கிலோ, தக்காளி 3 கிலோ, கறிவேப்பிலை தாராளமாக. வதங்கியதும் தண்ணீர். வீட்டில் ஒன்றுக்கு மூன்று வைப்பீர்கள். அண்டாவில் அப்படி வைத்தால் கஞ்சி, ஏனென்றால் அளவு பெருகினால் அந்த விகிதத்துக்கு ஆவி போகாது. அரிசியையும் பருப்பையும் காய்ந்தபடியே அளந்து, ஒரு படிக்கு இரண்டரைப் படி. பருப்பு வெந்த தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். கொதித்ததும் அரிசியையும் அரை வெந்த பருப்பையும் போடுங்கள். உப்பு மொத்தம் முக்கால் கிலோ, முதலில் அறுநூறு கிராம் மட்டும். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கும்வரை துடுப்பால் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பருப்பு அடியில் படிந்துதான் தீயும். மட்டத்துக்கு வந்த பிறகு துடுப்பை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் கிளறினால் கூழ். தீயை இழுத்துவிட்டு மூடிமேல் தணல் போட்டு இருபது நிமிஷம். அடி பிடித்த வாசம் வந்தால் சுரண்டாமல் மேல் சாதத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். நேரம் ஆக ஆக இந்தச் சாதம் இறுகும், பத்து லிட்டர் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும்.

நெய்யை அண்டாவில் ஊற்றிவிடாதீர்கள். கேரளத்துச் சிரியன் சபைகளின் 25 நாள் நோன்பு டிசம்பர் முதல் தேதியிலிருந்து. அதை ஒழுங்காகப் பிடிப்பவர்கள் கறி, மீன், முட்டையோடு பாலும் நெய்யும் தொடுவதில்லை. இலையில் கேட்டு ஊற்றுங்கள், ஒரு லிட்டர் போதும்.

கறி வேண்டாமா என்பார்கள். வேண்டும். பள்ளிபாளையம் சிக்கன், தனி அடுப்பு, தனிக் கரண்டி, சாதம் தம்முக்குப் போன பிறகு. கோழி 22 கிலோ சின்னத் துண்டாக, சின்ன வெங்காயம் 6 கிலோ, விதை நீக்கிய வரமிளகாய் ஒரு கிலோ, பல்லுப் பல்லாய்க் கீறிய தேங்காய் எட்டு. மசாலாத் தூள் கிடையாது, அதனால் தூளில் ஏமாற்ற முடியாது. மாலை போட்டவர்களில் பலர் வெளியில் சாப்பிடவே மாட்டார்கள். அவர்களுக்குப் பழம் கொடுத்து அனுப்புங்கள், வற்புறுத்தாதீர்கள்.

ஆக, வெங்காயம் பத்து கிலோ. ஒரு கிலோ உரிக்க ஓர் ஆளுக்கு அரை மணி பிடிக்கும். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, ஷிப்ட் முடிந்து சம்பளம் வாங்கி வந்த பிறகு, பத்துப் பேரைக் கோயில் வராந்தாவில் உட்காரவையுங்கள். அரை மணி தண்ணீரில் ஊறினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். உரித்ததைத் துணியில் உலர்த்தி வையுங்கள், நறுக்குவது காலையில்தான். இரவே நறுக்கினால் கசப்பேறும். யார் அந்தப் பத்துப் பேர் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். உரிக்க, துடுப்புப் போட, இலை எடுக்க, அண்டா தேய்க்க, எல்லாவற்றுக்கும் சீட்டு. பிரசங்கியாரும் செயலாளரும் சீட்டில் உண்டு. விருப்பப்பட்டவர் வரலாம் என்று விட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வழக்கமாய் இலை எடுக்கும் வீட்டார் இலை எடுப்பார்கள், வழக்கமாய் ஸ்வீட் பரிமாறும் அம்மாமார் ஸ்வீட் பரிமாறுவார்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுத்தால் நான் மேலே எழுதியது அத்தனையும் வெறும் சமையல் குறிப்பு.

பந்திக்கு ஐம்பது பேர், நாலு பந்தி. முதல் பந்தி பன்னிரண்டரைக்கு, கடைசிப் பந்தி ஒன்றே முக்காலுக்கு. முதல் அண்டாவைப் பன்னிரண்டுக்கு இறக்குங்கள், இரண்டாவதை ஒரு மணிக்கு. பிந்தி வருகிறவர்களுக்குச் சூடான சாதம் இருக்கும். முதல் இலை போடும் முன்பே கறியில் கால் பங்கை எடுத்துத் தனியாக மூடிவைத்து, அதற்கு ஒரு கண்டிப்பான ஆளைக் காவல் போடுங்கள். ஐயரும் கமிட்டியும் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். அவர்கள் அங்கே இருந்தால் எதுவும் தீர்ந்துபோகாது, இது அனுபவஸ்தர்களுக்குத் தெரிந்த ரகசியம்.

பாத்திரத்துக்குக் கவலைப்படாதீர்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, வாடகைக் கடைகளில் அண்டாக்கள் கவிழ்த்துக் கிடக்கும், விலை பேசலாம். எடுக்கும்போது மூடி பொருந்துகிறதா என்று அங்கேயே வைத்துப் பாருங்கள். துடுப்பு இரண்டு கேளுங்கள், ஒன்று எப்படியும் உடையும்.