பெயரை அடித்த பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரியில் இளம் ஆய்வாளர்களுக்குச் சிறு நிதி கொடுக்கிறார்கள். இருபது விண்ணப்பம் வந்தால் ஐந்துக்குத்தான் பணம். அதுவும் பெரிய ஆய்வகத்துப் பிள்ளைகளுக்கே போகிறது. இந்த முறை பெயரை மறைத்துவிட்டுப் படிக்கலாமே என்றேன். "பெயரை அடித்தால் ஆள் தெரியாமல் போய்விடுமா? செய்யத் தெரியாதவர் கைக்குப் பணம் போனால் என்ன செய்வது?" என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்த ஆய்வாளர்கள் விண்ணப்பித்துத்தான் நேரம் வாங்க வேண்டும். அந்த நேரத்தைப் பங்கிடுபவர்களும் இவற்றைச் சந்தித்தவர்கள்தான். பல வருட முடிவுகளை அலசி வானியலாளர் நீல் ரீட் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் சிறியது. ஆனால் வருடா வருடம் தராசு ஆண்கள் பக்கமே சாய்ந்திருந்தது. முதலில் முகப்புப் பக்கத்திலிருந்து பெயரை எடுத்தார்கள், பிறகு முன்னெழுத்து மட்டும் போட்டார்கள். அரைகுறை மறைப்பு போதவில்லை. 2018இல் முழுக்க மறைத்தார்கள். அதற்காக வாதாடியவர்களில் கோயம்புத்தூரில் பிறந்த வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜனும் ஒருவர்.

அந்தச் சுற்றில் 489 விண்ணப்பங்கள் வந்து 40 தேறின. பெண்கள் தலைமையேற்றவற்றில் 8.7 சதவீதம், ஆண்கள் தலைமையேற்றவற்றில் 8.0 சதவீதம். இதை வைத்து 'பெண்கள் முந்திவிட்டார்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். தேறியவற்றில் பெண்களுடைய 12 விண்ணப்பத்துக்கும் ஆண்களுடைய 28 விண்ணப்பத்துக்கும் இடையிலான கணக்கு இது, ஒன்றிரண்டு கூடிக் குறைந்தாலே சதவீதம் மாறிவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில் முதன்முறையாக நேரம் பெற்றவர்களின் எண்ணிக்கை கூடியது. உங்கள் மூத்தவர்களிடம் நான் காட்டச் சொல்வது அதைத்தான்.

இனி உங்கள் வேலை. ஆளைக் காட்டிக் கொடுப்பது பெயரைவிட வாக்கியம்தான். "எங்கள் முந்தைய ஆய்வில் நாங்கள் காட்டியபடி" என்று எழுதினால் மேற்கோள் பட்டியலைப் புரட்டியதும் ஆள் தெரிந்துவிடும். "முந்தைய ஆய்வொன்று [3] காட்டியபடி" என்று மூன்றாம் மனிதர் வேலையைச் சொல்வதுபோல் எழுதச் சொல்லுங்கள். சொந்தக் கட்டுரையை நீக்கச் சொல்லாதீர்கள், வாதம் ஓட்டையாகிவிடும். மேற்கோள்களுக்கு எண் மட்டும் போதும். "எங்கள் ஆய்வகத்துக் கருவியில்" என்பதற்குப் பதில் "இந்தக் கருவி பயன்படுத்தக் கிடைக்கும்" என்றாலே போதும். கோப்பின் பெயரிலும் அதன் பண்புகளிலும் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும். விண்ணப்பங்களை மதிப்பிடாத ஒருவர் அதை நீக்கி எண் கொடுக்கட்டும்.

இவ்வளவு செய்தும் சிலர் ஊகிப்பார்கள். ஒரே கல்லூரியில் யார் எதில் வேலை செய்கிறார் என்பது கேன்டீன்காரருக்கும் தெரியும். அதனால் மதிப்பிடுபவர்களில் பாதிப் பேராவது வெளியூராக இருக்கட்டும். ஹப்பிளில் ஒவ்வொரு குழுவிலும் லெவலர் என்று ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் மதிப்பெண் போடமாட்டார், அறிவியலைப் பற்றிப் பேசமாட்டார். "இது அந்தக் குழுவாகத்தான் இருக்கும், அவர்கள் கெட்டிக்காரர்கள்" என்று யாராவது தொடங்கினால் நிறுத்தி, பேச்சைத் தாளுக்குத் திருப்புவது மட்டுமே அவர் வேலை. இந்த ஏற்பாட்டிலேயே நான் மிகவும் மதிப்பது இவரைத்தான். பெயர் தாளில் இல்லாவிட்டாலும் வாயில் வந்துவிடும். அந்த நேரத்தில் அதிகாரத்தோடு குறுக்கிட ஓர் ஆள் வேண்டும். துறைத்தலைவருக்கு அஞ்சாத ஒருவரைப் பிடியுங்கள்.

செய்யத் தெரியாதவர் கைக்குப் பணம் போகுமே என்ற இரண்டாவது கேள்விக்கு விடை, எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்ற வரிசையில் இருக்கிறது. குழுவின் அனுபவம், கருவி வசதி பற்றி ஒரு பக்கத்தைத் தனிக் கோப்பாக வாங்கி மூடி வையுங்கள். தரவரிசை முடிந்து எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே, அதுவும் தேறியவர்களுடையதை மட்டும் திறக்க வேண்டும். இவர்களால் இதைச் செய்யவே முடியாது என்று தெரிந்தால் காரணம் எழுதி விலக்கலாம். அதைப் படித்துவிட்டு யாரையும் மேலே ஏற்றக்கூடாது. இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் பழைய பட்டியலே திரும்பி வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் இந்த முறையால் சரிசெய்ய முடியாது. விண்ணப்பிக்கவே தயங்குகிறவர் பெயர் மறைந்தாலும் வரமாட்டார். அறிவிப்போடு மாதிரி விண்ணப்பம் ஒன்றையும், மேலே சொன்னதுபோல் மாற்றி எழுதிய நாலைந்து வாக்கியங்களையும் சேர்த்து ஒட்டுங்கள். எழுத ஆறு வாரமாவது கொடுங்கள். பெரிய ஆய்வகத்தில் இருப்பவருக்கு வழிகாட்ட அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். மற்றவருக்கு அந்த மாதிரித் தாள்தான் துணை.